பதில் வராத எச்சரிக்கை

கொல்கத்தாவின் அலிப்பூர் பகுதியில் இரண்டு அலுவலகங்கள் இருக்கின்றன. வங்கக் கடலின் வடகோடியில் புயல் உருவானால் முன்கூட்டியே அறிவிக்கும் மண்டல வானிலை மையம் ஒன்று. அந்தப் புயல் முதலில் மோதுகின்ற சாகர், நாம்கானா, பாதர்பிரதிமா, கோசாபா பகுதிகளை நிர்வகிக்கும் தெற்கு 24 பர்கானா மாவட்டத் தலைமையகம் மற்றொன்று. 2020 மே 20-ஆம் தேதி உம்பன் புயல் கரையைக் கடந்தபோது முதல் அலுவலகம் தனது கடமையைக் குறைவின்றிச் செய்தது. புயலின் பாதையும் வேகமும் சில நாள்களுக்கு முன்பே கணிக்கப்பட்டன. லட்சக்கணக்கானோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர்.

இரண்டாவது அலுவலகத்தின் சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மணிக்கு 155 முதல் 165 கி.மீ. வேகத்தில் வீசிய காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்தன. கைப்பேசி கோபுரங்கள் ஊமையாயின. தீவுகள் மட்டுமல்ல, கொல்கத்தா மாநகரின் பல பகுதிகளே மின்சாரமும் தொலைபேசியும் இன்றி நாள்கணக்கில் தவித்தன. 80-க்கும் அதிகமானோரை மேற்கு வங்கம் பலிகொடுத்தது. மூன்றாம் நாள்தான் ராணுவத்தின் உதவி கோரப்பட்டது. எந்தக் கரை உடைந்தது, எந்த ஊருக்குப் படகு தேவை என்ற தகவல் கீழிருந்து மேலே வந்து சேராதபோது, ஆட்சியர் அலுவலகம் எதை வைத்து உத்தரவிடும்?

கைப்பேசி எல்லோரிடமும் இருக்கும்போது வயர்லெஸ் எதற்கு என்று நிதித் துறையினர் கேட்கக்கூடும். கைப்பேசிக் கோபுரத்தின் அடியில் இருக்கும் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடக்கும்போது டீசல் எப்படிப் போய்ச் சேரும்? சிற்றலை வானொலிக் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு கார் பேட்டரி, ஓர் ஆன்டெனா, கையாளத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். இடையில் கோபுரமே இன்றி நூற்றுக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பால் பேசலாம்.

இது ஏட்டளவுச் செய்தி அல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலி இயக்குநர் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். அமெச்சூர் வானொலிக்குப் பல ஆண்டுகளாக அனுமதி கிடைக்காதிருந்த அந்தமானில், சிறப்பு அனுமதி பெற்று அந்த மாதம்தான் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது அவரது குழு. தொலைபேசிகள் செயலிழந்த நாள்களில் தீவுகளின் செய்தியை நாட்டுக்குச் சொன்னது அவருடைய கருவி. பாதுகாப்பைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்டிருந்த ஒன்று பாதுகாப்புக்கே உதவியது. கங்காசாகர் மேளாவில் ஆண்டுதோறும் காணாமற்போகும் யாத்ரிகர்களை உறவினரோடு சேர்த்து வைப்பதும் இத்தகைய தன்னார்வலர்கள்தாம். பாராட்டத்தக்க பணி, ஆனால் ஓர் அரசு, தன்னார்வலர்களின் தயவையே கடைசி அரணாக நம்பியிருக்கலாகாது.

தலைநகரின் நிலையைப் பாருங்கள். தில்லி காவல் துறை குறித்து 2020-இல் வெளியான சிஏஜி அறிக்கை, அதன் டிரங்கிங் வயர்லெஸ் அமைப்பு 20 ஆண்டுப் பழையது என்றும், பயன்பாட்டுக் காலம் முடிந்து 10 ஆண்டுகள் கடந்துவிட்டன என்றும் கூறியது. 2000 ஜூனில் 9,638 ஆக இருந்த வயர்லெஸ் கருவிகள் 2019 ஜூனில் 6,172 ஆகக் குறைந்திருந்தன. நகரமும் மக்கள்தொகையும் பெருகிய காலத்தில் கருவிகள் மட்டும் குறைந்த விந்தை இது. நாடாளுமன்றத்துக்கு அருகிலேயே இந்த நிலை என்றால் சுந்தரவனத்துக் காவல் நிலையத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிரச்னையின் வேர் அதிகாரப் பகிர்வில் இருக்கிறது. காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. அலைவரிசையோ மத்திய அரசின் கையில். காவல், தீயணைப்பு, பேரிடர் மீட்புப் பணிகளுக்கென நாடு முழுவதும் 800 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் தனி அலைக்கற்றை ஒதுக்கி, உள்துறை அமைச்சகத்தின்கீழ் தனி அமைப்பை நிறுவலாம் என்று 2018 ஜூனில் டிராய் பரிந்துரைத்தது. நாடு தழுவிய அந்த வலையமைப்பு இன்னமும் காகிதத்திலிருந்து இறங்கவில்லை. அமெரிக்கா 2001 செப்டம்பர் 11-இல் பாடம் கற்றது. வெளியேறுமாறு இட்ட உத்தரவு உலக வர்த்தக மையக் கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்கள் பலரின் வானொலியில் கேட்கவில்லை. அன்று 343 தீயணைப்புத் துறையினர் மாண்டனர். அங்கும் தனி வலையமைப்புக்குச் சட்டம் இயற்ற 2012 ஆயிற்று.

கருவி இருந்தால் மட்டும் போதாது, அது பிறர் காதில் விழாமலும் இருக்க வேண்டும். குறியீடாக்கப்படாத பழைய வயர்லெஸ் பேச்சை மலிவான வாக்கி-டாக்கி வைத்திருப்பவரும் ஒட்டுக்கேட்கலாம், குறுக்கிடலாம். அத்தகைய கருவிகளை அலைவரிசை விவரம்கூடக் குறிப்பிடாமல் விற்றதற்காக 2025 மே மாதம் இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதேவேளையில், ஒவ்வொரு துறையும் தனித்தனிப் பூட்டைப் போட்டுக்கொண்டால், வெள்ளத்தில் நிற்கும் காவலரும் தீயணைப்பு வீரரும் ஒருவரோடொருவர் பேச முடியாது. சாவியைப் பகிரும் ஏற்பாட்டை முன்னதாகவே முடிவு செய்தாக வேண்டும்.

தமிழக வாசகருக்கு ஒக்கியை நினைவூட்டத் தேவையில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. உம்பனில் பதில் வரவில்லை. ஒக்கியில் எச்சரிக்கையே போகவில்லை. ஒரு லட்சம் படகுகளில் இருவழித் தகவல் கருவி பொருத்தும் ரூ. 360 கோடித் திட்டத்தை 2024 ஆகஸ்டில் பிரதமர் பால்கரில் தொடங்கி வைத்தார். தாமதமானாலும் சரியான திசை.

எனினும், நமது அரசுகளுக்குக் கருவி வாங்குவதில் உள்ள ஆர்வம் பராமரிப்பில் இருப்பதில்லை. வாங்கும்போது விழா உண்டு. பேட்டரி மாற்றுவதற்கு நாடா வெட்ட முடியாதே. பேட்டரி, ஆன்டெனா, பயிற்சி பெற்ற இயக்குநர் ஆகியவற்றுக்கு மாவட்டந்தோறும் ஆண்டு ஒதுக்கீடு தனித் தலைப்பில் காட்டப்பட வேண்டும். புயல் பருவத்துக்கு முன்னதாக, ஏப்ரலில் ஒரு நாள் கைப்பேசியைத் தொடாமல், வானொலியில் மட்டும் ஒவ்வொரு தீவையும் அழைத்துப் பார்க்கட்டும் அலிப்பூர். பதில் வராத தீவுகளின் பட்டியலை அன்று மாலையே வெளியிடட்டும்.