ஆட்டைப் பார்க்காதே... காலி இடத்தைப் பார்!



அழகர்கோவிலுக்குப் போனா பதினெட்டாம்படி கருப்பரைக் கும்பிட்டு, தோசை பிரசாதம் வாங்கிட்டு, அப்படியே மலையேறி நூபுர கங்கை... இதானே நம்ம வழக்கமான ரூட்? போன மாசம் நான் பாதியிலேயே நின்னுட்டேன். காரணம், மரத்தடியில் கரிக்கோடு போட்டு நடந்த ஒரு ஆடு புலி ஆட்டம்!

ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர். எதிரே, அதுவரை செல்போன்ல பஸில் கேம் ஆடிட்டிருந்த இன்ஜினீயரிங் தம்பி. "நான் புலி தாத்தா, வெட்டுற பக்கம்தான் நமக்கு செட்டாகும்"னு கெத்தா உட்கார்ந்தவர், வரிசையா மூணு ஆட்டம் அவுட்!

"எப்படி தாத்தா?"

"நீ ஆட்டையே பார்க்குறப்பா. நான் ஆட்டுக்குப் பின்னாடி காலியா இருக்குற எடத்தைப் பார்க்குறேன்."

அட! மேட்டரே இதுதான். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. பக்கத்துல இருக்குற ஆட்டைத் தாண்டினாத்தான் புலி வெட்ட முடியும். தாண்டிக் குதிக்க, அடுத்த புள்ளி காலியா இருக்கணும். அந்த ஓட்டையை அடைச்சிட்டா புலி வெறும் பூனை! நகர வழியில்லாம மூணு புலியும் முடங்கினா, ஜெயிச்சது ஆடு. பிரச்னைக்கு எங்கிருந்து பலம் வருதுன்னு கண்டுபிடிச்சு, அங்கே கை வைக்கிறது. இதுதான் பாஸ் பிராப்ளம் சால்விங்.

1982-ல் ஜப்பானில் வெளியான 'சோக்கோபான்' கேமிலும் இதே கதைதான். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. அவசரப்பட்டு மூலையில தள்ளினீங்களா... போச்சு! கடைசிப் பெட்டி எங்கே போகணும்னு யோசிச்சிட்டுத்தான் முதல் பெட்டியைத் தொடணும்.

இதை டெஸ்ட் பண்ணியும் பார்த்திருக்காங்க. அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆய்வாளர்கள் 77 கல்லூரி மாணவர்களை இரண்டு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு 'போர்ட்டல் 2' பஸில் கேம். இன்னொண்ணுக்கு, மூளைப் பயிற்சின்னே விற்கப்பட்ட 'லுமோசிட்டி'. ஆளுக்கு 8 மணி நேரம். 2015-ல் வெளியான முடிவுப்படி, பிராப்ளம் சால்விங், விடாமுயற்சி டெஸ்ட்களில் முந்தியது 'போர்ட்டல் 2' குரூப்தான்.

"அப்போ விடிய விடிய கேம் ஆடினா அரியர் க்ளியராகிடுமா?" ஆசை, தோசை! அவங்க அளந்தது செமஸ்டர் மார்க்கை இல்லை. இன்னொரு விஷயம்... மாட்டிக்கிட்ட அடுத்த நிமிஷமே யூடியூப்ல விடையைப் பார்த்தா, உங்க கட்டைவிரலுக்கு மட்டும்தான் எக்சர்சைஸ். லேப்ல நண்பனோட புரோகிராமை அப்படியே காப்பியடிச்சிட்டு, வைவாவில் "இந்த லூப் எதுக்குப்பா?"ன்னு கேட்டதும் ஃபேனைப் பார்ப்போமே... அதே கேஸ்தான்!

அதனால ஒரு சின்ன டீல். கேமோ, கணக்கோ, புரோகிராமோ... மாட்டிக்கிட்டா, விடையைத் தேடுறதுக்கு முன்னாடி 20 நிமிஷம் மட்டும் மல்லுக்கட்டுங்க. பேப்பர்ல ரெண்டே கேள்வி எழுதுங்க. என்னைத் தடுக்கிறது எது? அது எதை நம்பி நிக்குது? விடை வராட்டியும் பரவாயில்லை. எந்த இடத்துல முட்டி நின்னோம்னு தெரியும். அதுக்கப்புறம் சாரிடம் கேட்டுப் பாருங்க, சட்டுனு மண்டையில ஏறும்.

சரி, நம்ம தம்பி என்ன ஆனார்? நாலாவது ஆட்டத்துக்கு ஆட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். அப்பவும் தோல்விதான்! ஆனா தோத்ததும், "ஏழாவது ஆட்டை அங்கே வெச்சிருக்கக் கூடாது தாத்தா"ன்னு அவரே சொன்னார். பெரியவர் சிரிச்சுக்கிட்டே காய்களை மறுபடி அடுக்க ஆரம்பிச்சார்.

செல்போன் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை!