காந்தளூர்ச் சாலைக்கு எந்தப் பேருந்து?

சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்த ஆய்வு நண்பர், "திருவனந்தபுரத்தில் வழக்கமானவை வேண்டாம், யாரும் போகாத இடங்களைச் சொல்லுங்கள்" என்றார். கோவளம், மிருகக்காட்சிசாலை, பத்மநாப சுவாமி கோயில் மூன்றையும் அவர் முன்பே பார்த்தாயிற்று. பாறசாலையில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் கற்ற எனக்கு அக்கேள்வி சற்று உறுத்தியது. இந்நகரில் எங்கள் மொழியின் தடங்களுள் பெரும்பாலானவை அந்த 'யாரும் போகாத' பட்டியலில்தான் கிடக்கின்றன.

கிழக்கேகோட்டையில் மேத்தன் மணியின் ஆட்டுக்கடாக்கள் மணிதோறும் முட்டுவதைக் காணக் கூட்டம் நிற்கும். நிற்கட்டும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதே கோட்டைப் பகுதியில், மத்திய ஆவணக் காப்பகத்தில், 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டதை எங்கள் தமிழ்த்துறை மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகியவற்றை ஓலையிலேயே காணலாம். தமிழும் மலையாளமும் எழுத்தளவில் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பதற்கு வேறு பாடநூல் தேவையில்லை.

அங்கிருந்து வலியசாலை வெகுதூரமில்லை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பது பெருவழக்கு, மறுப்போரும் உளர். என்னை ஈர்ப்பது அந்தப் போரன்று. பாறசாலைக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், பார்த்திவபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே கோயில் எடுத்து, 95 சட்டர் பயிலச் சாலையும் நிறுவினான். அதைக் கூறும் செப்பேடு, காந்தளூர் முறைமையையே அச்சாலைக்கு முன்மாதிரியாகக் கொள்கிறது. பிறரைப் பழித்தால் தண்டம், ஆயுதத்தோடு அவைக்கு வரத் தடை: மாணவர் விடுதி விதிகள் ஆயிரம் ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடவில்லை!

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. முன்மாதிரி ஒரு மாநிலத்திலும் அதன் வழிவந்த சாலை மறு மாநிலத்திலும் அமைந்தன. அதன்பின் தமிழ் மாணவர் ஒன்றையும் மலையாள மாணவர் மற்றொன்றையும் மறந்தனர் என்பது என் கணிப்பு. எல்லை வகுத்தோரை மட்டும் இதற்குக் குறைகூற இயலாது. நம் துறைகளின் கல்விச் சுற்றுலாக்களும் சோதனைச்சாவடியோடு திரும்பிவிடுகின்றன, அல்லது நேரே கோவளம் கடற்கரைக்குப் போகின்றன. கோவளத்துக்கு அருகிலேயே விழிஞத்தில் முடிவுறாத சிற்பங்களுடன் குடைவரை ஒன்று நிற்கிறது. பேருந்தை அங்கே அரைமணி நேரம் நிறுத்தினால் என்ன?

நண்பர் மூன்றையும் பார்த்துவிட்டு, மாலைத் தொடர்வண்டியில் பாறசாலைக்கே வந்துவிட்டார். மறுநாள் பார்த்திவபுரம் போனோம். அடுத்த பருவத்தில் இரு மாநில மாணவர்களையும் ஒரே வண்டியில் இவ்வழியே அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். வட்டெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் உடன்வர இயலுமாயின் கீழே எழுதுங்கள்.