கொக்கியில் எவ்வளவு பாரம்?

ஹாலிஎல சந்தியில் இரண்டு பெருந்தெருக்கள் சேர்கின்றன. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை வழியாக வந்து, பதுளையைக் கடந்து செங்கலடிக்குப் போவது ஏ-5. பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை வழியாக இறங்கி வருவது ஏ-16. இந்த இரண்டிலும், இவற்றிலிருந்து தோட்டங்களுக்குள் பிரியும் ஒடுங்கிய பாதைகளிலும் டிரக்டர் பெட்டிகள் ஓடுகின்றன. கொழுந்துச் சாக்கு, உர மூட்டை, விறகு என்று பாரம் நாளுக்கு நாள் மாறும்.

பெட்டியை மாட்டும்போது எல்லோரும் பார்ப்பது கொக்கியின் பலத்தைத்தான். கொக்கியில் செருகும் பின் தடிப்பாக இருக்கிறதா, வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அது அவசியம். ஆனால் அதோடு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. பெட்டியின் பாரத்தில் எவ்வளவு அந்தக் கொக்கியின் மேல் அழுத்துகிறது? வண்டி நேராக ஓடுவதும், திருப்பினால் திரும்புவதும், இறக்கத்தில் அடங்குவதும் பெருமளவு இந்தக் கேள்வியின் பதிலில் இருக்கின்றன.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 1924இல் பதுளைக்கு ரயில் வருவதற்கு முன் இந்த மலைகளின் சரக்கை ஏற்றி இறக்கியவை அந்த வண்டிகள்தாம். இரு சக்கர வண்டியில் மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பின்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மேலே எழும்பும்; கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். நல்ல வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி அடுக்குவார். டிரக்டர் பெட்டிக்கும் கணக்கு இதுதான். பெட்டி கொக்கியைக் கீழ்நோக்கி அழுத்தும் எடையைக் கொக்கிப் பாரம் என்று அழைப்போம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒற்றை அச்சுள்ள பெட்டி ஒன்று. கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 3 மீற்றர். அதில் 50 கிலோ உர மூட்டைகள் 40. மொத்தம் 2,000 கிலோ. எளிமைக்காகப் பெட்டியின் சொந்த எடையை விட்டுவிடுவோம். பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால், அது 3 மீற்றரில் பத்தில் ஒரு பங்கு. எனவே மொத்த எடையிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோ, கொக்கியின் மேல் இறங்கும். அதே மூட்டைகளை 60 சென்ரிமீற்றர் பின்னால் தள்ளி அடுக்கினால், அதே 200 கிலோ கொக்கியை மேலே தூக்கும். மூட்டையின் எண்ணிக்கை மாறவில்லை. இடம் மட்டும்தான் மாறியது.

பின்பாரத்தில் இரண்டு கெடுதல்கள் உண்டு. ஒன்று, டிரக்டரின் பின் சக்கரங்கள் தரையைப் பிடிக்கும் பலம் குறைகிறது. மற்றது, பெட்டியின் பின்பகுதி இடமும் வலமும் ஆடத் தொடங்குகிறது. இதை வாலாட்டம் எனலாம். வேகம் கூடக் கூட ஆட்டமும் வளரும். பெட்டி செய்பவர்கள் அச்சை நடுவில் வைக்காமல் சற்றுப் பின்னால் வைப்பதற்கு இதுவே காரணம். சமமாக நிரப்பினால் முன்பாரம் தானாகவே வரும்.

அப்படியானால் முன்பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? முடியாது. கொக்கி டிரக்டரின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே அழுத்தினால் முன்பக்கம் எழும்பும். கொக்கி பின் அச்சிலிருந்து 70 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீற்றர் என்று கொள்வோம். கொக்கியில் 200 கிலோ இறங்கினால், முன் சக்கரங்கள் 70 கிலோவை இழக்கும். பின் சக்கரங்கள் 270 கிலோவைப் பெறும். கொக்கியின் 200, முன்னிருந்து வந்த 70. திருப்புவது முன் சக்கரம். அது லேசானால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும்.

இதுவரை சொன்னது மட்டத்தரைக்கு. ஊவாவில் மட்டத்தரை எங்கே? மலைநாட்டு ரயில் பாதைக்கு 44 அடிக்கு 1 அடி என்று ஏற்றத்தை அடக்கி வைத்தார்கள். அந்த அளவுக்குள் உயரத்தைச் சமாளிக்கத்தான் தெமோதரையில் பாதையே வளையமாகச் சுற்றித் தன் நிலையத்தின் அடியிலேயே போகிறது. தோட்டப் பாதைகளுக்கு அப்படிப்பட்ட அடக்கம் இல்லை. பத்துக்கு ஒன்று என்ற ஏற்றம் அங்கே சாதாரணம்.

நம் உதாரணப் பெட்டியின் பாரம் கொக்கியைவிட 80 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாக வைப்போம். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 200 கிலோவாக இருந்த கொக்கிப் பாரம் சுமார் 145 ஆகக் குறையும். அதே சரிவில் இறங்கும்போது, பெட்டிக்குப் பிரேக் இல்லாமல் டிரக்டரே அதைத் தாங்கினால், சுமார் 250 ஆகக் கூடும். பாரம் உயர உயர இந்த வித்தியாசமும் பெருகும். உரம் பெட்டியின் தரையோடு கிடக்கும். கொழுந்து எடை குறைவு. ஆனால் சாக்குகள் உயரமாக எழும்பி நிற்கும்.

கொக்கி மாட்டும் உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. இந்தச் சரிவில் 2,000 கிலோவை ஏற்ற, கொக்கியைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 200 கிலோ. கொக்கி தரையிலிருந்து 50 சென்ரிமீற்றரில் இருந்தால், அந்த இழுவை முன் சக்கரங்களிலிருந்து 50 கிலோவை எடுக்கும். 1 மீற்றரில் இருந்தால் 100 கிலோவை எடுக்கும். இது முன்பு சொன்ன 70 கிலோ போன்ற இழப்புக்கு மேல் கூடுதலாக வருவது. பின் அச்சுக்கு மேலே எங்கேயாவது சங்கிலி கட்டி இழுத்தால், டிரக்டர் முன்பக்கம் தூக்கி மல்லாந்துவிடவும் கூடும். தயாரிப்பாளர் கொக்கியைத் தாழ்வாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

இறக்கத்தில் கதை தலைகீழாகிறது. ஏற்றத்தில் பின்னால் இழுத்த பெட்டி இப்போது முன்னால் தள்ளுகிறது. வளைவில் டிரக்டரின் பின் சக்கரம் வழுக்கினால், பெட்டி அதை ஒரு பக்கமாகத் தள்ளிப் பேனாக்கத்தி போல மடங்கிவிடும். டிரக்டருக்கு இடப் பிரேக், வலப் பிரேக் என்று இரண்டு மிதிகள் உண்டு. வயலில் திரும்ப அவை தனித்தனியாக உதவும். தெருவில் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட்டே ஓட வேண்டும். சிறிய கியரை இறக்கம் தொடங்குமுன்பே போட வேண்டும். நடுவில் கிளச்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும்.

லேண்ட்மாஸ்டர் என்று நம்மவர்கள் சொல்லும் இரு சக்கர டிரக்டரில் இன்னொரு விசித்திரம் உண்டு. மட்டத்தில் வலப் பிடியை அழுத்தினால் வலச் சக்கரத்துக்குப் போகும் எஞ்சின் பலம் நின்று வண்டி வலம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின்தான் சக்கரங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. வலப் பிடியை அழுத்தினால் வலச் சக்கரம் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வண்டி இடம் திரும்பும். இது தெரியாமல் முதன்முறை இறங்குகிறவர், பள்ளத்திலிருந்து விலகத் திருப்பிப் பள்ளத்தை நோக்கியே போகலாம்.

இதே கொக்கிப் பாரக் கேள்வியை உலகத்தின் வேறொரு மூலையில் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள நீண்ட பயண வண்டிகளைப் பிக்கப்பின் பின்னால் மாட்டிக் குடும்பத்தோடு போகிறார்கள். வாலாட்டம் வராமலிருக்க, எடையில் 10 முதல் 15 வீதம் வரை கொக்கியில் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். 3,000 கிலோ வண்டியில் 12 வீதம் என்றால் 360 கிலோ. பிக்கப்பின் பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீற்றர் தள்ளியும், இரு அச்சுகளுக்கு இடையே 3.6 மீற்றரும் இருந்தால், முன் சக்கரங்கள் 120 கிலோவை இழக்கும். பின் சக்கரங்களில் 480 கிலோ கூடும்.

இதற்காக வந்ததுதான் பாரம் பகிரும் கொக்கி. கொக்கியின் தலையிலிருந்து இரண்டு எஃகுத் தண்டுகள் பயண வண்டியின் முன் சட்டத்தின் இருபுறமும் பின்னோக்கி நீளும். இவை வில் போல வளையும். இவற்றின் பின்முனையை மேல்நோக்கி இழுத்துச் சட்டத்தில் பூட்டுவார்கள். தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குப் போவது போல, இங்கே பிக்கப்பின் முன் சக்கரத்துக்குப் பாரம் திரும்பும். நம் உதாரணத்தில், முன் சக்கரங்கள் இழந்ததில் பாதியை, அதாவது 60 கிலோவை, மீட்கும் அளவுக்கு வில் தண்டுகளை இறுக்கினால், பயண வண்டியின் அச்சுக்கும் சுமார் 40 கிலோ போகும். பின் அச்சின் சுமை சுமார் 100 கிலோ குறையும். மொத்த எடை குறையவில்லை. அது மூன்று இடங்களுக்குப் பங்கிடப்பட்டது.

இதைத் தெரிவு செய்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எடை. தண்ணீர், காஸ், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு கொக்கிப் பாரத்தை நிறுக்க வேண்டும். வெறும் வண்டிக்குத் தயாரிப்பாளர் தரும் எண் போதாது. பிக்கப்பின் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமானையும் அதோடு சேர்க்க வேண்டும். அடுத்து, அந்த எடைக்கு ஏற்ற வில் தண்டு. மெலிந்தது பாரத்தை மாற்றாது. மிதமிஞ்சித் தடித்தது சட்டத்தை வருத்தும். பிறகு, இழுக்கும் வாகனத்தின் கையேடு இந்தக் கொக்கியை அனுமதிக்கிறதா, பயண வண்டியின் பிரேக் இதோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும். பொருத்தும்போது முன் சக்கர வளைவின் உயரத்தை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து இறுக்கத்தைச் சரிசெய்வார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் பின் சக்கரம் லேசாகி, ஈரத் தெருவில் வண்டி மடங்கும் ஆபத்து வரும். வாலாட்டத்தைத் தணிக்கும் உராய்வு அமைப்பும் சிலவற்றில் உண்டு. ஆனால் அது பின்பாரத்துக்கு மருந்தாகாது.

இந்தக் கொக்கியை ஹாலிஎலைக்குக் கொண்டுவரலாமா? டிரக்டருக்கு இது பொருந்தாது. நம் பெட்டிகள் பின்னும் வளையமும் கொண்டு தளர்வாக மாட்டப்படுகின்றன. வளைக்கும் விசையைத் தாங்க அவை செய்யப்படவில்லை. தோட்டப் பாதையில் மதகு, பள்ளம், கொண்டை ஊசி வளைவு என்று டிரக்டரும் பெட்டியும் அடிக்கடி வெவ்வேறு கோணத்தில் நிற்கும். ஆழமான பள்ளத்தில் வில் தண்டுகள் அளவுக்கு மீறி வளையும். பயண வண்டிக்காரர்களே கரடுமுரடான பாதையில் அவற்றைக் கழற்றிவிடுவது உண்டு.

டிரக்டருக்கு உள்ள வழிகள் எளியவை. முகப்பில் இரும்புப் பாரம் மாட்டி முன் சக்கரத்தை அழுத்தலாம். கொக்கியைத் தாழ்வான துளையிலேயே வைக்கலாம். கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதை டிரக்டரின் கையேட்டில் பார்க்கலாம். கொக்கிப் பாரத்தை நிறுக்க, ஃபெக்டரியில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசே போதும். மட்டமான இடத்தில் பெட்டியின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, தராசின் மேல் கொக்கி உயரத்துக்கு மரக்கட்டை நிறுத்தி, வளையத்தை அதன்மேல் இறக்கினால் எண் தெரியும். இறக்கும் வரிசையையும் கவனிக்க வேண்டும். மூட்டைகளை முன்பக்கத்திலிருந்து இறக்கிவிட்டு தோட்டத்தின் அடுத்த பிரிவுக்குப் போனால், காலையில் முன்பாரமாக இருந்த பெட்டி வழியில் பின்பாரமாகிவிடும்.

எந்தக் கொக்கி நல்லது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. மெல்பேர்னில் பயண வண்டி வாங்கும் உறவினருக்குப் பாரம் பகிரும் கொக்கி தேவைப்படலாம். இங்கே டிரக்டர் ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லை. ஆனால் இருவருக்கும் முதல் வேலை ஒன்றே: பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது. இங்கே அதற்குப் பெரிய செலவும் இல்லை. பெட்டியின் பக்கப் பலகையில், அச்சுக்கு நேர் மேலே ஒரு கோடு போட்டால், பாரத்தின் நடு அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கிறதா என்று ஏற்றுகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். பெட்டிக்குப் பெயர் எழுதும் அதே பெயின்ட்டில் அந்தக் கோட்டையும் போட்டுவிடலாம்.