அத்தித் தடி கேட்டுப் போவோம்

நோன்பு காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கடைத்தெருக்களில் உலர்ந்த அத்திப்பழம் பொதி பொதியாகத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். இப்போது அதற்குப் பக்கத்திலேயே அத்திக் கன்றுகளும் விற்பனைக்கு வருகின்றன. ஒரு முழ உயரக் கன்றுக்கு மூவாயிரம் ரூபா கேட்கிறார்கள். "திருக்குர்ஆனில் சொல்லப்பட்ட மரம்" என்று ஒரு மட்டையில் எழுதியும் வைத்திருப்பார்கள். உண்மைதான், 95ஆவது சூறாவுக்குப் பெயரே அத்தி. ஆனால் அந்தப் பெயர் கன்றின் விலையைக் கூட்டுவதற்காக அருளப்பட்டதல்ல என்பது என் அபிப்பிராயம்.

வாங்கியவர் கன்றை முற்றத்தில் நடுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்று வேர் அழுகுகிறது. அல்லது இலையின் கீழ்ப்புறம் துரு பிடித்தது போலாகி எல்லாம் உதிர்கின்றன. "எங்கட மண்ணுக்கு அத்தி சரிவராது" என்று சொல்லிக் குழியை மூடிவிடுகிறார். மண் என்ன செய்யும்? இந்த மழைக்கு இந்த மரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லித்தர அந்தக் கன்றோடு ஒரு மனிதர் வரவில்லை.

ஆகவே அத்தியை யாரும் கடையில் தொடங்க வேண்டாம் என்பேன். வளர்க்கிற ஒருவரின் வாசலுக்குப் போய்த் தடி கேட்டுத் தொடங்குங்கள். மாணவியராகிய நாம் ஊரெல்லை பாராமல் போய்க் கேட்க வேண்டும். பெற்றோரும் அதற்கு இடம் தர வேண்டும்.

முதலில் அத்தியின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். நாம் பழம் என்று கடிப்பது உள்நோக்கித் திரும்பிய ஒரு பூங்கொத்து. "அத்தி பூத்தாற்போல" என்று பெரியவர்கள் சொன்னார்களே, அந்தப் பூ இல்லாமல் இல்லை, காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சில வகைகளில் காய் நிற்க வேண்டுமானால் மிகச் சிறிய குளவி ஒன்று மகரந்தத்தோடு உள்ளே நுழைய வேண்டும். அது மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் குளவி. எங்கள் ஆற்றங்கரைகளில் தண்டோடு ஒட்டிக் கொத்தாகக் காய்க்கும் அத்திக்கு வேறு குளவி, அது இதற்கு உதவாது. எனவே துருக்கியிலிருந்து வந்த உலர்பழத்தின் விதையை முளைக்க வைத்தால் மரம் வரலாம், பழத்தை நம்ப முடியாது. மகரந்தம் சேராமலே பழுக்கும் வகைகளும் உண்டு. கன்னிக்கனியமாதல் என்று பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். அந்த வகையே எங்களுக்குப் பொருந்தும். மகரந்தம் சேராத பழத்தின் விதை முளைக்காது. ஒரு மரத்தில் வெட்டிய தடியை இன்னோரிடத்தில் ஊன்றினால்தான் அடுத்த மரம்.

பலஸ்தீனின் எரிகோ நகருக்கு அருகே கில்கால் என்ற இடத்தில் கிடைத்த கருகிய அத்திப்பழங்களைப் பற்றி 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவற்றின் வயது ஏறத்தாழ 11,400 ஆண்டுகள். அவையும் விதை முளைக்காத வகையே, ஆகவே மனிதர் தடி ஊன்றி வளர்த்தவை என்பது அவர்களின் வாதம். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது. அது சரியானால், நெல்லும் கோதுமையும் வயலாகும் முன்பே யாரோ ஒருவர் இன்னொருவரிடம் தடி கேட்டிருக்கிறார்.

தடியை மட்டும் வாங்கிக்கொண்டு சொல்லை வாங்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்குக் கலிபோர்னியா நல்ல உதாரணம். 1880களில் அங்குள்ளவர்கள் துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து, அதாவது இன்றைய இஸ்மிரிலிருந்து, ஆயிரக்கணக்கான தடிகளைத் தருவித்து நட்டார்கள். மரம் செழித்தது. காய் பிஞ்சிலேயே உதிர்ந்தது. ஸ்மிர்னாக்காரர் ஏமாற்றிவிட்டார்கள் என்று பழி சொன்னார்கள். ஸ்மிர்னா விவசாயிகளோ காட்டு அத்திக் காய்களைக் கோர்த்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடுவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்கள். குளவி அந்தக் காய்களுக்குள்ளிருந்துதான் வரும். கூஸ்தாவ் ஐசன் என்ற அறிஞர் பிரெஸ்னோ நகரக் கூட்டமொன்றில் இதை எடுத்துச் சொன்னபோது கூடியிருந்த விவசாயிகள் கூச்சலிட்டு அவரை அடக்கினார்களாம். நாட்டுப்புறத்தாரின் மூடநம்பிக்கை என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் 1899இல் ஜோர்ஜ் ரோடிங் என்பவரின் தோட்டத்தில் குளவியைக் குடியேற்றிய பிறகுதான் காய் நின்றது. பழையவர்களின் கைப்பழக்கத்தை மதித்துக் கேட்டிருந்தால் அத்தனை ஆண்டுகள் போயிருக்காது.

எங்கள் ஊர் ஏறாவூர். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பி உள்ளே போனால் கரடியனாறு. விவசாயத் திணைக்களத்தின் மாவட்டப் பயிற்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. இருந்தும் என் வயதுப் பிள்ளைகள் பலருக்குக் கரடியனாறு என்பது பஸ்ஸின் நெற்றியில் வாசிக்கும் ஒரு பெயர் மட்டுமே. உம்மம்மாவின் இளமைக் காலத்தில் அப்படி இருக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தயிரும் சோளமும் எங்கள் வாசலுக்கு வரும், எங்கள் புடைவை வியாபாரிகள் அங்கே போவார்கள். யுத்த காலத்தில் எங்கள் ஊரார் பலர் அந்தப் பக்கத்து வயல்களை விட்டார்கள். அவர்களும் எங்கள் பக்கம் வரப் பயந்தார்கள். இரண்டு பக்கமும் அழுத வீடுகள் உண்டு. நான் பிறக்கும் முன் நடந்தவற்றை நான் விசாரிக்க வரவில்லை.

கரடியனாற்றில் அத்தி வளர்க்கும் ஓர் அம்மா இருக்கிறார் என்பது வாப்பாவின் வயலைச் செய்கிற ஐயா சொல்லித்தான் தெரியும். வாப்பாவும் உம்மாவும் நானும் போனோம். பிளாஸ்டிக் பரல்களைப் பாதியாக அறுத்து, அடியில் துளையிட்டு, செங்கல்லின் மேல் தூக்கி வைத்து வளர்க்கிறார். மாரியில் முற்றம் தண்ணீரில் நின்றாலும் வேர் நிற்காது. எங்களுக்குச் சங்கடம் வராதபடி இளநீர் வெட்டித் தந்தார். அவரைச் சுற்றி ஐந்தாறு வீடுகளில் அத்தி நிற்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தையற்காரி ஒருவர், பயிற்சி நிலையத்தில் படித்த தம்பி ஒருவர் என்று ஒரு சிறு கூட்டம். அதற்குப் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை.

வாப்பா காசு நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"காசு தந்தா கணக்கு முடிஞ்சிரும் மகள். மறுகா நீங்க என்னத்துக்கு இந்தப் பக்கம் வரப் போறீங்க?" என்றார் என்னைப் பார்த்து. பிடித்து வந்தால் அடுத்த வருடம் இரண்டு பேருக்குத் தடி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களின் விலை.

அன்று அவர் சொல்லித் தந்ததை எந்தக் கடை மட்டையிலும் நான் பார்த்ததில்லை. பென்சில் தடிப்பில் ஒரு சாண் தடி போதும். வெட்டியதும் பால் உலரவிட வேண்டும். அந்தப் பால் கையில் பட்டு வெயிலும் பட்டால் தோல் கறுத்துப் புண்ணாகும். இரண்டு கணுவை மண்ணுக்குள் வைத்து நிழலில் விட வேண்டும். "இலை வந்தோண்ண சந்தோஷப்பட்டுத் தண்ணிய ஊத்தாதீங்க. அது தடிக்குள்ள கிடந்த சாப்பாட்டுல வாற இலை. வேர் வரட்டும், மறுகா சந்தோஷப்படுவம்" என்றார். தண்டுத் துண்டம் பற்றி விவசாய விஞ்ஞானத்தில் குறிப்பெழுதிய எனக்கு இந்த ஒரு வசனம் முழுப் பாடத்தையும் விளங்கப்படுத்தியது. கத்தரிக்கும் காலத்தைத் தைப்பொங்கலை வைத்துச் சொன்னார். பொங்கல் கழிந்து மழை விட்டபின் கொப்பை வெட்டினால் புதுக் கொப்பில் காய் வந்து கச்சான் காற்றுக் காலத்தில் பழுக்கும், இனிக்கும். மழையில் பழுத்தால் சப்பென்று இருக்கும். இந்தியாவில் புனேக்கு அருகே புரந்தர் பகுதி அத்தி விவசாயிகளும் இதையே வேறு சொல்லில் சொல்கிறார்கள். மழைக்கால விளைச்சலுக்குப் புளிப்புப் போகம் என்றும் கோடை விளைச்சலுக்கு இனிப்புப் போகம் என்றும் அவர்கள் மொழியில் பெயர். அந்தப் புரந்தர் அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கள் கறுவாவுக்குக் கிடைத்ததும் அதே வகை அங்கீகாரம்தான். அது தனி ஒரு விவசாயியின் பெயருக்குக் கிடைப்பதல்ல. சேர்ந்து நிற்கிறவர்களுக்குக் கிடைப்பது.

பெற்றோர் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும். உயர்தரம் படிக்கிற பொம்பளப் புள்ளைக்கு இதென்ன வேலை என்பது முதலாவது. காணி உள்ளவர்கள்தான் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் பேசுகிறார்கள், காணி பெரும்பாலும் ஆண்கள் பெயரில். பரலில் வளரும் மரத்துக்குக் காணி உறுதி வேண்டியதில்லை. ஒரு பெண்பிள்ளை தன் கையால் ஒன்றை வளர்த்து, அதைப் பற்றி நான்கு பெரியவர்கள் முன் பேசக் கிடைப்பது எங்களுக்கு அரிது.

இதில் என்ன வருமானம் என்பது இரண்டாவது. பெரிதாக இல்லை என்றுதான் நானும் சொல்வேன். அத்தி பறித்தபின் பழுக்காது, பழுத்ததைப் பறித்தால் இரண்டொரு நாள்தான் நிற்கும், அதற்குள் அணிலும் வௌவாலும் வந்துவிடும். வேர்முடிச்சு உண்டாக்கும் வட்டப்புழு மணற்பாங்கான நிலத்தில் பெரிய தொல்லை. காத்தான்குடி வீதியில் பேரீச்சை காய்க்கிறதே, அத்தியால் ஊரே பணக்காரராகாதா என்று கனவு காண்கிறவர்களை நான் நம்பச் சொல்லவில்லை.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அங்கயா போகப் போற?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: உம்மாவும் வாப்பாவும் கூட வரட்டும். நாங்கள் இரண்டாம் முறை போனபோது பேரீச்சம்பழம் கொண்டு போனோம். உம்மாவும் அந்த அம்மாவும் அத்தியைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான், முழங்கால் வலியைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசினார்கள்.

எமது கல்லூரியிலும் ஒரு தாய்மரத் தோட்டம் வேண்டும். மூன்று பரல் போதும். அதில் வரும் தடியைக் கண்காட்சியில் விற்கக் கூடாது. கேட்டு வருகிறவருக்கு, எந்த ஊராயினும், கொடுக்க வேண்டும். கரடியனாற்று அம்மாவை ஒருநாள் அழைக்க வேண்டும். மேடையில் மாலை போட்டு உட்கார வைக்காமல், கத்தியைக் கையில் கொடுத்து, எங்களை அவரைச் சுற்றி நிற்க வைக்க வேண்டும். விவசாயப் பாட ஆசிரியை சம்மதித்துவிட்டார், அதிபரின் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். தை மாதம் மழை விட்டதும் தடி வெட்டலாம். விரும்புகிறவர்கள் 13ஆம் தர விவசாயப் பிரிவில் என்னிடம் பெயர் தாருங்கள். மண்ணும் மணலும் இருக்கிறது. பழைய பரல் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள்.