போங்கள், தோழர்களே

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகலாமா என்று கேட்கும் தோழர்களுக்கு நம் பதில்: போங்கள். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போன அண்ணல், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே அந்த ஆண்டுகளில் அற்றுப்போனதாகப் பின்னாளில் எழுதினார். பட்டத்தைவிடப் பெரிய வரவு அது. ஆனால் 1917இல் பரோடா திரும்பியவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள்.

பணம்தான் முதல் சுவர். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி அடமானம் கேட்கும். பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்த நாம் எதைக் கொண்டுபோய் வைப்பது? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 பேருக்குத்தான். அதிலும் 2022இல் ஒரு விதியைச் செருகினார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாது. 1916இல் கொலம்பியாவில் அண்ணல் வாசித்த கட்டுரையே இந்தியச் சாதிகளைப் பற்றியதுதான். இந்த விதிப்படி அவருக்கே உதவித்தொகை கிடைத்திருக்காது! நம்மை நாமே ஆராய்வதில் இவர்களுக்கு ஏன் இத்தனை பயம்?

விமானம் ஏறினால் சாதி இறங்கிவிடும் என்றும் நம்பாதீர்கள். அறையைப் பகிரும் நம்மூர்க்காரரே 'ஊரில் எந்தத் தெரு?' என்று கேட்பார். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியையும் சேர்த்தது. நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் அப்படி ஒரு விதி உண்டா? தரவரிசையைப் பார்க்கும்போது இதையும் பாருங்கள்.