சேமித்தாயிற்றா?

மூணாறுக்கு அப்பால், பூண்டும் கேரட்டும் விளையும் தமிழர் கிராமம் வட்டவடை. மழைக்காலத்தில் இந்த மலைப்பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கேரளத்தில் 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தால் கிராமப் பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. புழங்குவது லினக்ஸ். புரோகிராம் எழுதக் கற்பவருக்கு அங்கே முதல் பாடம், எழுதியதைக் காப்பாற்றுவது.

அனுபவசாலிகள் இரண்டு வரிக்கு ஒருமுறை கன்ட்ரோல்-எஸ் தட்டுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் டெலிபிரின்டர் காலத்திலிருந்து டெர்மினலில் அந்த விசைக்கு ‘நிறுத்து’ என்று பொருள். விம் போன்ற எடிட்டரில் தட்டினால் திரை அப்படியே உறைந்துபோகலாம். மெஷின் கெட்டுவிட்டது என்று பதறி சுவிட்சை அணைத்தால் உழைப்பு வீண். கன்ட்ரோல்-க்யூ தட்டினால் போதும், உயிர் வந்துவிடும். விம்மில் சேமிக்க எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ, என்டர். பில் ஜாய் 1976ல் எழுதிய வி.ஐ. எடிட்டரின் வழி இது.

கரண்டே போய்விட்டால்? 1991ல் வெளிவந்த விம், 200 எழுத்துக்கு ஒருமுறையோ, 4 விநாடி கை ஓய்ந்தாலோ, தனிக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. ‘விம் -ஆர்’ என்று கோப்பின் பெயரோடு தட்டினால் பெரும்பகுதி மீளும். அதற்காக அசட்டையாக இருக்கலாகாது. மழைக்கு முன் பூண்டை வீடு சேர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?