சம்பளம் கேட்கக் கூசும் பிள்ளைகள்

கடந்த வாரம் என் பெறாமகன் ஒரு நியமனக் கடிதத்துடன் வீட்டுக்கு வந்தான். கொழும்பில் தொடர்மாடிகள் கட்டும் நிறுவனமொன்றின் காணிக் கொள்வனவுப் பிரிவில் அவனுக்கு முதல் வேலை. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா, பயணப்படி 15,000. அவன் தேடிக் கொண்டுவரும் காணிக்கு உறுதி எழுதப்படும் நாளில் விலையில் கால் வீதம் கொமிஷன்.

"கூட்டிக் கேட்டால் வேலையே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ, பெரியப்பா?" என்றான்.

இந்த அச்சம் எனக்குப் புதிதன்று. அங்குலக் கணக்கில் கூலி பெறும் நிருபராக நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது, ஆசிரியரின் மேசைக்கு முன்னால் சம்பளம் என்ற சொல் என் தொண்டையைத் தாண்டவில்லை. மீன் சந்தையில் இருபது ரூபாவுக்கு அரை மணி நேரம் வாதாடும் சமூகம் நாம். ஆயினும் அரசாங்க உத்தியோகத்தின் சம்பளத் திட்டத்திலேயே தலைமுறைகளாக வாழ்ந்து பழகியதால், நம் உழைப்புக்கு விலை பேசுவதை மட்டும் அவமரியாதை என எண்ணுகின்றோம்.

2025 ஏப்ரலில் இலங்கையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக்கப்பட்டது. 2026 ஜனவரி முதல் அது 30,000. அதனோடு ஒப்பிட்டால் 40,000 நல்ல தொகையாகத் தோன்றும். ஆனால் இந்தத் தொழில் நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டைக் கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. உரிமையாளர் காலமாகியிருப்பார், பிள்ளைகளில் ஒருவர் ரொறன்ரோவில், இன்னொருவர் லண்டனில் இருப்பார். மரணசாதன வழக்கு முடிய வேண்டும், அற்றோர்ணித் தத்துவம் வந்து சேர வேண்டும், காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேட வேண்டும், நில அளவையாளர் வர வேண்டும். உறுதியில் கையொப்பம் விழ ஓராண்டு கடப்பது அதிசயமல்ல. அதுவரை அந்தக் கொமிஷன் வெறும் காகிதக் கணக்கே.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. உறுதி எழுதப்படும் தினத்தில் சேவையில் இருப்போருக்கே கொமிஷன் உரித்தாகும். தகுதிகாண் காலமோ ஆறு மாதம். அலைந்தவன் வீட்டுக்குப் போனபின் அறுவடை யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, மொத்தத் தொகையைக் கூட்டிக் கேட்காதே, பிரித்துக் கேள் என்றேன். பயணப்படியில் 10,000 ரூபாவை அடிப்படைச் சம்பளத்துக்கு மாற்றினால் நிறுவனம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் அதன்மீதும் செலுத்த வேண்டும். மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000 ரூபா. அவன் கையிலிருந்து கழியும் 8 வீதமும் அவன் பெயரிலேயே சேரும். ஐந்தாண்டு நிலைத்தால் பணிக்கொடையும் அந்த உயர்ந்த அடிப்படையிலேயே கணிக்கப்படும். கொமிஷனில் பாதியையாவது விற்பனை உடன்படிக்கை கைச்சாத்தாகும்போதே தரும்படியும், இடையில் விலகினாலும் அவன் தொடக்கிய காணிக்குப் பங்கு உண்டு என்று எழுதித் தரும்படியும் கேட்கச் சொன்னேன்.

இது அவனுடைய பணப்பைப் பிரச்சினை மட்டுமன்று. கொமிஷனை நம்பி வாடகை கட்டும் இளைஞன், தனித்திருக்கும் ஒரு முதியவளின் வாசலில் போய் நின்றால் என்ன சொல்வான்? பிள்ளைகளைக் கேட்டுச் சொல்கிறேன் தம்பி என்பவளிடம், அடுத்த மாதம் விலை இறங்கிவிடும் அம்மா என்று அவசரப்படுத்தத்தான் அவனுக்குத் தோன்றும். புலம்பெயர்ந்தோர் பலர் ஊர்க் காணியை விற்றபின் ஏமாந்தோம் என்கிறார்கள். அவர்கள் வாசலுக்கு வந்தவனுக்கு எவ்வளவு சம்பளம் என்று எவரும் கேட்டதில்லை.

பெறாமகன் போய்க் கேட்டான். முகாமையாளர் கோபிக்கவில்லையாம். அடிப்படைச் சம்பளத்தை 50,000 ஆக்க இணங்கிவிட்டார், பயணப்படி 5,000. மூன்றாம் பக்கத்து வரியை மட்டும் மாற்ற முடியாது என்கிறார். அவன் இன்னும் கையொப்பமிடவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறான்.